பீட்டிலுக்கு அசல் சைலன்சரா, ஹெடரா?

பாளை_68: அப்பா விட்டுப்போன 1968 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார், 1300 சிசி. சைலன்சர் துருவேறி ஓட்டையாகிவிட்டது. விரலால் அழுத்தினால் தகடு அப்பளமாக நொறுங்குகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் பட்பட் என்று வெடிக்கிறது. ஞாயிறன்று பாபநாசம், சீசனுக்குக் குற்றாலம், அவ்வளவுதான் ஓட்டம். இரண்டு வால் குழாய் உள்ள அசல் மாதிரியே போடவா, நாலு சிலிண்டரின் புகைக் குழாயும் ஒன்றாகச் சேரும் ஹெடர் போடவா?

வள்ளியூர்_காற்று: ஹெடர்தான் தம்பி. ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் வேகம் அடுத்ததன் புகையையும் இழுத்துக்கொண்டு போகும், எஞ்சின் லேசாக மூச்சு விடும். என் 1600 சிசி பீட்டிலில் ஆறு வருடமாக இருக்கிறது. பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் காற்று எதிரே அடிக்கும்போதும் கியர் குறைப்பதில்லை. புகையின் சூட்டால் காருக்குள் வெப்பக் காற்று தரும் ஹீட்டர் பெட்டியையும் கழற்றிவிடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?

அம்பை_பட்டறை: அந்த ஹீட்டர் பெட்டியில்தான் சிக்கலே. 1, 3 சிலிண்டர்களின் புகை அதன் வழியாகத்தான் வருகிறது. கழற்றினால் அந்த இடத்தில் புகையைக் கொண்டுபோக ஜே (J) வடிவக் குழாய் வேண்டும். அதோடு, அந்தப் பெட்டிகளுக்குக் காற்று தரும் இரண்டு வாய்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேனின் கூட்டில் இருக்கின்றன. அவற்றை மூடாமல் விட்டால் சிலிண்டருக்குப் போக வேண்டிய குளிர்காற்று வெளியே கொட்டிப்போகும். தண்ணீர் இல்லாத எஞ்சினுக்குக் காற்றுதானே தண்ணீர்!

1968 மாடலில் ஆயில் கூலரும் ஃபேன் கூட்டுக்குள்ளேதான். அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் காற்றுதான் 3-ஆம் சிலிண்டருக்கு. இப்படி மூடாமல் ஓட்டிய ஒரு வண்டியின் ஹெட்டை நானே பிரித்தேன். 3-இன் எக்சாஸ்ட் வால்வு ஓரம் கடித்த முறுக்கு மாதிரி இருந்தது.

வள்ளியூர்_காற்று: அது பொருத்தியவர் செய்த தப்பு அண்ணாச்சி, ஹெடர் என்ன செய்யும்? வாய்களை மூடி, எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளில் இடைவெளி விடாமல், ஒன்றரை இன்ச்சுக்குப் போகாமல் 1⅜ இன்ச் குழாய் எடுத்தால் சரி.

அம்பை_பட்டறை: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புகை சுலபமாகப் போனால் கலவையில் பெட்ரோல் குறையும், எஞ்சின் இன்னும் சூடாகும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். கார்புரேட்டர் கலவையைச் சூடாக்கும் குழாய்க்கும் ஹெடரில் இணைப்பு இருக்க வேண்டும். 40 குதிரைத்திறன் வண்டிக்கு இத்தனையும் செய்து என்ன கிடைக்கும்? அதிகச் சத்தம்தான்.

இன்னொன்று, 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதிய வேண்டுமானால் எஞ்சினும் பாடியும் அசல் உருவில் இருக்க வேண்டும்.

வள்ளியூர்_காற்று: அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாதே. கண்காட்சி, ராலி மாதிரிக்குத்தான். தம்பி பாபநாசம் போகிறாராம்.

பாளை_68: விண்டேஜ் பதிவு வேண்டாம். ஆனால் அந்த வால் குழாய்களின் மெல்லிய விசில் சத்தம் கேட்டால்தான் அப்பா தெருமுனையில் திரும்புகிறார் என்று வாசலுக்கு ஓடுவோம். அசலே போடுகிறேன். வள்ளியூர் அண்ணாச்சி மன்னிக்கணும்.

வள்ளியூர்_காற்று: இதில் மன்னிப்பு என்ன? அந்தச் சத்தத்துக்கு ஈடு என்னிடம் இல்லை.

அம்பை_பட்டறை: பழைய நட்டைப் பலமாகத் திருகாதீர்கள். இரண்டு ராத்திரி துருவை இளக்கும் எண்ணெயில் ஊறட்டும். நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒடிந்தால் எஞ்சினை இறக்க வேண்டிவரும். கேஸ்கெட் எல்லாம் புதுசு. ஸ்டார்ட் செய்ததும் ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் கையைக் காட்டுங்கள், தொட்டுவிடாமல். காற்று சுட்டால் அங்கே கசிகிறது.