ப்ளோட்டர்ஸ்: "மிதவை" வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கண் முன் புள்ளியும் நூலுமாக மிதந்து தெரிபவற்றை ஆங்கிலத்தில் ப்ளோட்டர்ஸ் (floaters) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்கள் கீழே.

> ப்ளோட்டர்ஸுக்கு "மிதவை" போதுமே. நேர்ச்சொல், சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம் சரிதான். ஆனால் மிதவை என்றதும் எனக்குத் தூண்டில் தக்கைதான் ஞாபகம் வருகிறது. அதைவிட, "என் கண்ணில் மிதவை" என்று எந்த நோயாளியும் மருத்துவரிடம் போய்ச் சொல்லப்போவதில்லை. "பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு" என்றுதான் சொல்வார். லத்தீன் மருத்துவப் பெயரும் மஸ்கே வோலிட்டாந்தெஸ், அதாவது பறக்கும் ஈக்கள். அவர்கள் கண்ணிலும் ஈதான், நம் கண்ணிலும் பூச்சிதான். நடுவில் ஆங்கிலத்தை ஏன் பெயர்க்க வேண்டும்?

> அப்படியானால் "கண்பூச்சி" என்றே வைத்துவிடலாமே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு இடைஞ்சல்கள். கண்ணில் நிஜமாகவே புழு ஊரும் நோய் ஒன்று ஆப்பிரிக்காவில் உண்டு, அந்தப் புழுவுக்கு லோவா லோவா என்று பெயர். கண்பூச்சி என்றால் அதுவாகத்தான் தோன்றும். அப்புறம், சட்டென்று எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டுமே, அதையும் நாம் "பூச்சி பறக்குது" என்றுதான் சொல்கிறோம். அது சில நொடியில் போய்விடும். நாம் பெயர் தேடுவதோ நாள்கணக்கில், வருடக்கணக்கில் கூடவே இருப்பது.

அது எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கிறது. விழிக்கோளத்தை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் ஒரு கூழ். பெரும்பகுதி தண்ணீர், அதற்குள் மெல்லிய கொலாஜன் இழைகள். வயதாக ஆகக் கூழ் நீர்த்து, இழைகள் திரண்டு முடிச்சாகின்றன. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். அந்த முடிச்சின் நிழல் கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையில் (ரெட்டினா) விழுவதைத்தான் புள்ளியாகவும் நூலாகவும் பார்க்கிறோம். வெள்ளைச் சுவரையோ வெளிர் வானத்தையோ பார்க்கும்போது துலக்கமாகத் தெரியும். உற்றுப் பார்க்கப் போனால் நழுவி ஓடும், ஏனென்றால் கண் திரும்பும்போது கூழும் கூடவே அசைகிறது.

ஆகவே என் பரிந்துரை: நிழற்பூச்சி. நிழலும் பூச்சியும் நிழற்படம் போலவே சேர்கின்றன. நோயாளியின் பூச்சியும் இருக்கிறது, அது வெறும் நிழல்தான் என்ற விளக்கமும் இருக்கிறது.

> வெள்ளெழுத்து மாதிரி மக்கள் வாயில் வந்த சொற்கள்தான் நிற்கும்.

முழுக்க உடன்படுகிறேன். நாற்பதைத் தாண்டியவருக்கு எழுத்து எப்படித் தெரிகிறது என்பதை வெள்ளெழுத்து சொல்கிறது, பார்வை எப்போது மங்குகிறது என்பதை மாலைக்கண் சொல்கிறது. பார்வை நரம்பு கெடும் கிளாக்கோமாவுக்கு மட்டும் அந்த வழி செல்லாது, பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இராது. அதற்கு வைத்த "கண் அழுத்த நோய்" கூட, கண்ணின் அழுத்தம் இயல்பான அளவுக்குள் (10 முதல் 21 மி.மீ. பாதரசம்) இருந்தும் நரம்பு கெடுபவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆனால் நிலைத்துவிட்ட சொல், விட்டுவிடுவோம்.

நிழற்பூச்சியோடு நிறுத்த முடியாது. பழைய பூச்சி ஒன்றிரண்டு பெரும்பாலும் தொந்தரவில்லாதவை. திடீரென்று கூட்டமாக வந்தாலோ, இருட்டில் கண்ணோரம் பளிச்சிட்டாலோ, ஒரு பக்கத்திலிருந்து இருள் மூடிக்கொண்டு வந்தாலோ, விழித்திரை கிழிந்திருக்கலாம், பிரிந்துகொண்டும் இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. வலிக்காது என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று.

பளிச்சிடலுக்குக் கண்மின்னல் என்கிறேன். ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் ரம்பப்பல் கோடுகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அவை பல நிமிடங்கள் நீடிக்கும், எந்தக் கண்ணை மூடினாலும் மற்றதில் தெரியும். விழித்திரை இழுபடுவதால் வரும் மின்னல் பெரும்பாலும் ஒரு கண்ணில், நொடிப்பொழுதில் முடிந்துவிடும்.

மூன்றாவதான இருள் மூடுவதற்குத்தான் எனக்குச் சொல் பிடிபடவில்லை. எல்லோரும் "திரை விழுந்த மாதிரி" என்கிறார்கள். ஆனால் விழித்திரை என்ற சொல்லை ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம். "விழித்திரை பிரிந்து கண்ணில் திரை விழுந்தது" என்று எழுதினால் படிப்பவர் தலை சுற்றும். "ஓரமறைப்பு" என்று எழுதிப் பார்த்தேன், பேருந்து ஜன்னல் விளம்பரம் போல இருக்கிறது. உங்களில் யாருக்காவது நல்லதாக ஒன்று தோன்றுகிறதா?