போர்க்கைதி என்று ஏற்க மறுக்கப்பட்டவருக்கு என்ன சொல்?

நண்பர்களே,

'அன்லாஃபுல் எனிமி காம்பேட்டன்ட்' என்பது, பிடித்துவைத்தவரைப் போர்க்கைதி அல்ல என்று சொல்ல அமெரிக்கா வைத்த பெயர். அதற்கு இந்த இழையில் வந்த 'சட்டவிரோத எதிரிப் போராளி' படித்ததும் புரிகிற சொல்தான். ஆனாலும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் இரண்டு இடத்தில் எனக்கு இடிக்கிறது.

முதலில் 'போராளி'. தமிழில் இந்தச் சொல்லோடு ஒரு கொள்கையும் கொஞ்சம் மரியாதையும் ஒட்டிக்கொண்டே வரும். ஆயுதத்தையே தொடாதவரைக்கூடச் சமூகப் போராளி என்கிறோம். போர்ச் சட்டத்தின் காம்பேட்டன்ட் என்பவரோ சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்கும் உரிமை உள்ளவர், அவ்வளவுதான். விருப்பமில்லாமல் படைக்கு இழுத்து வரப்பட்ட சிப்பாயும் அதில் அடக்கம். இதற்குப் 'போரிடுநர்' போதும். ஒருவர் 'பொருநர்' என்று எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் சங்கப் பாட்டில் அது வீரரையும் குறிக்கும், கலைஞரையும் குறிக்கும். சட்ட ஆவணத்துக்கு இந்த இரட்டை வேடம் வேண்டாமே.

அடுத்தது 'சட்டவிரோத'. விஷயமே இதில்தான் இருக்கிறது. சட்டவிரோதம் என்று தீர்மானித்தது யார்? போர்க்கைதிகளை நடத்தும் விதம் பற்றிய 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, பிரிவு 5: பிடிபட்டவரின் தகுதியில் ஐயம் எழுந்தால், தகுதிவாய்ந்த தீர்ப்பாயம் முடிவு சொல்லும்வரை அவருக்குப் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு உண்டு. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையே இப்படி ஏறத்தாழ 1,200 விசாரணைகளை நடத்தியது. வியட்நாமில் ஆயுதத்தோடு பிடிபட்ட வியட்காங் (தெற்கில் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லா) ஆட்களுக்கும் போர்க்கைதித் தகுதி கொடுத்தது. எதிரி கையில் சிக்கிய தன் விமானிகளையும் அவ்வாறே நடத்துவார்கள் என்ற கணக்கும் அதில் உண்டு. வட வியட்நாமோ அந்த விமானிகளைப் போர்க்குற்றவாளிகள் என்றது. 1966 ஜூலையில் அவர்களைக் கைவிலங்கோடு ஹனோய்த் தெருக்களில் நடத்திச் சென்றது. வழியெல்லாம் கூட்டத்தின் அடியும் வசையும். கைதியை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்கிற பிரிவு 13 அன்று யாருக்கும் நினைவில் இல்லை.

அப்புறம் 2002. ஜனவரியில் கியூபாவிலுள்ள அமெரிக்கத் தளமான குவாண்டனாமோவில் கைதி முகாம் திறந்தது. பிப்ரவரி 7 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்ட குறிப்பாணை, தலிபான் கைதிகள் யாருமே போர்க்கைதிகள் அல்ல என்று முடித்துவிட்டது. ஆளுக்கு ஆள் விசாரணை கிடையாது, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. 2006இல் குவாண்டனாமோ கைதி ஹம்தானின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அல்-கொய்தாவுடனான மோதலிலும் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான பிரிவு 3 பொருந்தும் என்று சொல்ல வேண்டியிருந்தது. 2009 அமெரிக்கச் சட்டத்தில் 'அன்லாஃபுல் எனிமி காம்பேட்டன்ட்' என்ற சொல்லையே மாற்றி 'அன்பிரிவிலெஜ்டு எனிமி பெலிஜரன்ட்' (பிரிவிலெஜ் இல்லாத எதிரிப் போரிடுநர்) ஆக்கினார்கள்.

இரண்டில் இதுதான் கொஞ்சம் நேர்மையான சொல். படைவீரர் போரில் எதிரிப் படைவீரரைச் சுட்டுக் கொன்றால் அவர்மேல் கொலை வழக்குப் போட முடியாது. அதுதான் இந்தப் பிரிவிலெஜ். அது இல்லாதவர்மேல் வழக்குப் போடலாம். ஆனால் அடிக்கலாம், தண்ணீரை ஊற்றி மூச்சுத் திணற வைக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. 'சட்டவிரோத' என்று எழுதினால் ஆளே சட்டத்துக்கு வெளியே நிற்பதாக வாசகர் எடுத்துக்கொள்வார். வெள்ளை மாளிகை விரும்பியதும் அதைத்தானே. அந்த வேலையைத் தமிழில் நாம் ஏன் இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும்?

ஆகவே என் முன்மொழிவு: பிரிவிலெஜுக்குப் 'போரிடுநர் காப்பு', அது இல்லாதவர் 'காப்பிலாப் போரிடுநர்'. ('காப்புரிமை' வேண்டாம், கண்டுபிடிப்புகளைப் பதியும் அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.)

இதற்கு மேல் இன்னொரு பொதுச்சொல்லும் தேவை, ஏனென்றால் இந்த வித்தை 2002இல் தொடங்கியதல்ல. 1945இல் ஜெர்மனி சரிந்தபோது லட்சக்கணக்கில் சரணடைந்தவர்களை அமெரிக்கா 'ஆயுதம் களையப்பட்ட எதிரிப் படையினர்' என்றது, பிரிட்டன் 'சரணடைந்த எதிரிப் படையினர்' என்றது. போர்க்கைதி என்றால் 1929 உடன்படிக்கைப்படி, பின்தளத்தில் இருக்கும் தன் படையினருக்குத் தருகிற அளவு உணவைத் தர வேண்டும். பெயரை மாற்றினால் தட்டின் அளவையும் மாற்றலாம். 2022 ஜூனில் கிழக்கு உக்ரைனில் ரஷ்யாவின் ஆதரவில் இயங்கிய டொனெட்ஸ்க் நீதிமன்றம், உக்ரைன் படையில் பணியாற்றிய இரண்டு பிரிட்டன்காரர்களுக்கும் ஒரு மொராக்கோக்காரருக்கும் 'கூலிப்படையினர்' என்று மரண தண்டனை விதித்தது. போரிடும் தரப்பின் படையில் உறுப்பினராக இருப்பவர் கூலிப்படையினர் ஆகமாட்டார் என்று 1977 கூடுதல் நெறிமுறை பிரிவு 47 தெளிவாகவே சொல்கிறது. செப்டம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் மூவரும் விடுபட்டார்கள்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவாகத் 'தகுதிமறுப்புக் கைதி' என்று வைக்கலாமா?

மறுமொழி

> தகுதிமறுப்புக் கைதி

ஐயா, போரிடுநர், காப்பிலாப் போரிடுநர் இரண்டும் சரி. மூன்றாவது சொல் ஒரு பக்கம் சாய்கிறதே. ஒற்றரும் உண்மையான கூலிப்படையினரும் சட்டப்படியே அந்தத் தகுதி இல்லாதவர்கள். 1942இல் நீர்மூழ்கியில் வந்து அமெரிக்கக் கரையில் இறங்கிய எட்டு ஜெர்மன் நாசவேலைக்காரர்களை ராணுவ ஆணையம் விசாரித்தது, உச்ச நீதிமன்றமும் வழக்கைக் கேட்டது. அவர்களையும் குவாண்டனாமோ கைதியையும் ஒரே பெட்டியில் போட்டால் விளக்கம் குழம்பும். மேலும் 'தகுதி' என்றதும் தேர்தல் வேட்புமனுதான் என் நினைவுக்கு வருகிறது.

மறுமொழி

தேர்தல் பேச்சில் வருவது 'தகுதிநீக்கம்', அதனால் மோதல் இல்லை. அந்த எட்டுப் பேர் பற்றிச் சொன்னது நியாயம். தீர்ப்பு எப்படி இருந்தாலும் (ஆறு பேருக்குச் சில நாளிலேயே மரண தண்டனை நிறைவேறியது), அவர்கள் வாதத்தை ஒரு நீதிமன்றம் கேட்டது. எனவே எல்லையை விளக்கத்திலேயே கட்டிவிடலாம்:

'தகுதிமறுப்புக் கைதி: சட்டம் கோரும் முறையான தீர்மானம் இல்லாமல், பிடித்துவைத்த அரசு தன் ஆணையாலோ பெயர்மாற்றத்தாலோ போர்க்கைதித் தகுதியை மறுத்த ஆள்.'

டொனெட்ஸ்க் வழக்கு இதில் அடங்குமா என்று கேட்பீர்கள். அங்கே நீதிமன்றம் என்ற பலகை இருந்தது. 'முறையான' என்ற சொல் அதற்காகத்தான். வேறு மறுப்பு இல்லையென்றால் மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். 'ரெண்டிஷன்' (பிடித்த ஆளைச் சட்ட நடைமுறை இல்லாமல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது) சொல்லுக்குத் தனி இழை திறக்கலாம். அதற்குச் சிலர் 'நாடுகடத்தல்' என்று எழுதியிருப்பது ஒத்துவராது: நாடுகடத்த ஓர் உத்தரவாவது வேண்டும், இவர்களை விமானத்தில் ஏற்றியபோது அதுவும் இல்லை.