ரப்பர் பால் வடியும் கிண்ணமான பால் மங்கு, நூலால் செய்யும்போது துவண்டு விழுகிறது, என்ன செய்யலாம்?

தையல்காரி, சுங்கை சிப்புட்:
ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் புழங்கிய சாமான்களை மெஷின் எம்பிராய்டரியில் அசல் அளவிலேயே செய்து வருகிறேன். மைலோ டின் சுலபம், தட்டையாகத் தைத்துச் சுருட்டினால் போதும். பால் மங்குதான் மானத்தை வாங்குகிறது. தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக்கில் தைத்து அலசியதும் துவண்டு விழுகிறது. உள்ளே காய்ந்து ஒட்டிய கட்டிப் பாலும் (உறைந்த ரப்பர் பால்) வேண்டும். அது இல்லாமல் என்ன மங்கு?

நூல்கண்டு:
அக்கா, முழுக்க அலசாதீர்கள். கொஞ்சம் பசை நூலில் தங்கட்டும். அசல் மங்குக்கு உறை போட்டு, ஈரத்தோடு அதன்மேல் கவிழ்த்துக் காய வையுங்கள், விறைத்து நிற்கும். அப்புறம், மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினீர்களா? தையல் ஒன்றையொன்று பிடிக்காவிட்டால் அலசும்போதே பிரிந்துவிடும்.

பழைய மெஷின்:
நம்ம ஊர் ஈரக் காற்றில் பசை இளகிவிடும், தம்பி. விளிம்பில் மெல்லிய கம்பி வைத்து ஜிக்ஜாக் அடிப்பதுதான் நிற்கும். ஊசி கம்பியில் பட்டால் முறியும், கண்ணாடி போட்டுக்கொள்ளம்மா.
கட்டிப் பாலுக்கு, அடிநூல் சுற்றும் பாபினில் பழுப்பு மஞ்சள் நூல் போடு. மேல்நூலை இறுக்கி, பாபின் பெட்டித் திருகைத் தளர்த்து. அடிநூல் மேலே ஏறித் திட்டுத்திட்டாக நிற்கும்.

தையல்காரி, சுங்கை சிப்புட்:
சரிங்கண்ணே, கம்பி வாங்குகிறேன். திருகைத் தளர்த்தத் தனியாக ஒரு பாபின் பெட்டி வைத்துக்கொள்ளலாம்தானே? கடைத் துணியும் இதே மெஷினில்தான் தைக்கிறேன்.