இம்பீரியல் ஸ்டவுட்: குளிர்ச்சி இறங்கிய பிறகு மதிப்பெண் போடுங்கள்

போன வாரம் ஓல்ட் ரஸ்புடின் என்ற இம்பீரியல் ஸ்டவுட், அதாவது கறுத்த, திடமான பீர், ஒரு பாட்டில் கைக்கு வந்தது. கலிபோர்னியாவில் நார்த் கோஸ்ட் என்ற ஆலை காய்ச்சுவது, ஆல்கஹால் 9 சதவீதம். இம்பீரியல் ஸ்டவுட் பொதுவாக 8 முதல் 12 சதவீதம் வரை போகும் என்பதால், அந்த வகையில் இது மிதமான பக்கம்தான். நான் ருசி பார்த்த விதத்தையும் எங்கே எதற்கு மதிப்பெண் கொடுத்தேன் என்பதையும் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கிளாஸில் ஊற்றினேன். வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ், அப்போதுதான் மணம் உள்ளே தங்கும். பாதிக்கு மேல் ஊற்றவில்லை. விளக்குக்கு நேரே பிடித்தாலும் ஒளி ஊடுருவாத கறுப்பு, விளிம்பில் மட்டும் லேசான செம்பழுப்பு. நுரையும் பழுப்புதான். இந்த நிறத்தைப் பார்த்து மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) முழுவதையும் கருக வறுத்திருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வெளிர் மால்ட்தான், கறுப்பு மால்ட் கொஞ்சமே சேரும். 1817இல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் சுழலும் உருளையில் மால்ட்டை வறுக்கக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அவ்வளவு கறுப்பாக, ஆனால் சாம்பலாகாமல் வறுப்பது எளிதானது.

முதல் மிடறில் கடுங்காப்பிக் கசப்பு, அவ்வளவுதான். மணத்திலும் வறுத்த வாடை ஒன்றே. இந்த நேரத்தில் பேனாவைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சில்லென்ற பீரிலிருந்து மணம் மேலே வராது, இனிப்பும் நாக்குக்கு மங்கலாகத்தான் தெரியும். மிஞ்சுவது கசப்பு மட்டும். அந்த நிலையில் நல்ல ஸ்டவுட்டுக்கும் சுமாரான ஸ்டவுட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அப்படியே அரை மணி நேரம் விட்டுவைத்தேன். 12, 13 டிகிரி வாக்கில் வந்ததும் மறுபடி முகர்ந்தால் கறுப்புச் சாக்லேட், உலர் திராட்சை, கரும்புப் பாகு, கடைசியில் மெல்லியதாக அதிமதுரம். ஆலைக்காரர் உழைத்தது இதற்காகத்தானே! இதை முகராமல் எப்படி மதிப்பெண் போடுவது?

அப்புறம் கசப்பு. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் ருசி பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். வறுத்த மால்ட்டின் கசப்பு காப்பியைப் போல நாக்கை உலர்த்தும். ஹாப்ஸ் (பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் பூ) தரும் கசப்பு விழுங்கிய பிறகும் நாக்கின் பின்பக்கம் நிற்கும், கூடவே கொஞ்சம் பிசின் வாசமும் இருக்கும். ஆல்கஹால் தருவது கசப்பு அல்ல, சூடு. நன்றாகக் காய்ச்சியதில் அந்தச் சூடு விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் மெதுவாகப் பரவும். தொண்டையிலேயே சுள்ளென்று எரிந்தால் நொதித்தல் சரியில்லை என்று சந்தேகப்படலாம். ஈஸ்ட் அதிக வெப்பத்தில் வேலை செய்தால் கனமான ஆல்கஹால்கள் உருவாகிவிடும், எரிச்சல் பெரும்பாலும் அவற்றால்தான். இந்த பாட்டிலில் அது துளியும் இல்லை.

பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பி.ஜே.சி.பி. அமைப்பின் நடுவர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். ஆல்கஹால் கூடிய பீரில் நுரை சீக்கிரம் அடங்கத்தான் செய்யும், அதற்காகக் கையை இறுக்க வேண்டாம். வரிசைப்படி நான் கொடுத்தது 10, 3, 17, 4, 8. ஆக 42. வாயுக் குமிழ் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகப் பட்டதால் வாயில் படும் தன்மையில் ஒன்று குறைத்தேன்.

* * *

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. நான் குடித்தது பர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறிய ஸ்டவுட், கூஸ் ஐலண்ட் ஆலையின் பர்பன் கவுன்ட்டி. அமெரிக்கச் சட்டப்படி பர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்கள் பீர் ஆலைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த மரம்தான் வெண்ணிலாவையும் தேங்காய் வாசத்தையும் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இதே வகையில் வேறொன்று குடித்தேன், விஸ்கியும் மரமும் தவிர அடியில் ஸ்டவுட் இருப்பதே தெரியவில்லை. பீப்பாய் வாசனை தூக்கலாக இருப்பதற்கே மதிப்பெண் அள்ளிக் கொடுப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். வறுத்த மால்ட் தெரிய வேண்டும்.

* * *

பழைய பாட்டில்களைப் பற்றி நான் சொல்கிறேன். லண்டனின் சதர்க் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் த்ரேல் ஆலை ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அரசவைக்கு ஸ்டவுட் அனுப்பியது. 1781இல் அந்த ஆலை பார்க்ளே பெர்க்கின்ஸ் கைக்குப் போனது, பிறகு கரேஜ் நிறுவனத்திடம் வந்தது. கரேஜ் 1993 வரை காய்ச்சியது, காய்ச்சிய ஆண்டை லேபிளிலேயே போடுவார்கள். வருடக்கணக்கில் வைத்துக் குடிப்பதற்கான பீர் இது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்!

ஆனால் பழசானதெல்லாம் நல்லதில்லை. ஒரு நண்பர் பல வருடம் பாதுகாத்த பாட்டிலைத் திறந்தார், பெயர் வேண்டாம். நனைந்த அட்டைப் பெட்டி வாடை, கூடவே சோயா சாஸ். முதலாவது ஆக்சிஜன் செய்த வேலை. இரண்டாவது பெரும்பாலும் அடியில் தங்கிய ஈஸ்ட் செத்துச் சிதைவதால் வருவது. அதே ஆக்சிஜன் நல்ல பாட்டிலில் ஷெர்ரி ஒயின், பேரீச்சம்பழம் மாதிரியான மணத்தைக் கொடுக்கும். ஷெர்ரி வந்தால் மகிழ்ச்சியாக மதிப்பெண் கூட்டுங்கள், அட்டை வாடை வந்தால் தயங்காமல் குறையுங்கள், பாட்டிலின் வயதுக்காக இரக்கம் வேண்டாம்.

* * *

முதலில் எழுதியவன்தான். இரண்டு பேருக்கும் நன்றி. தம்பி சொன்ன பீப்பாய் விஷயத்தில் எனக்கு முழு உடன்பாடு. பலவற்றை ஒரே நாளில் பார்ப்பதாக இருந்தால் பீப்பாய் வகையைக் கடைசியில் வையுங்கள், முன்னால் வந்தால் அடுத்தது தண்ணீராகத் தெரியும். ஆளுக்கு 60 மில்லி போதும், இடையே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும். பழைய பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிட்டால் வண்டல் அடியில் இறங்கிவிடும், ஊற்றும்போது கடைசி ஒரு விரல் அளவை பாட்டிலிலேயே விட்டுவிடலாம்.