25 வருடம் வாசித்த கையை இனி மாற்றிப் பழகலாமா?

முத்தையன்கட்டு_கிற்றார்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம், தொழில் வயல், வயது 42. எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழாமில் கிற்றார் வாசிக்கிறேன்.

நான் பழகத் தொடங்கியது 1990களின் கடைசியில். அப்போது வன்னிக்குள் சவர்க்காரமும் பற்றறியும் கிடைப்பதே பெரும்பாடு. கம்பியை அடிக்க விரலில் பிடிக்கும் சின்னத் தகடு, பிக் என்று ஒரு சாமான் கடையில் விற்கும் என்பதே எனக்குத் தெரியாது. மாமா ஒருவர் பிளாஸ்ரிக் வாளி மூடியை வெட்டி, சீமெந்துத் தரையில் தேய்த்து ஒன்று செய்து தந்தார். அது சரியான மெல்லிசு. மேல்நோக்கி இழுத்தால் கம்பியில் மடங்கி நின்றுவிடும். அதனால் கீழ்நோக்கி மட்டும் அடித்தே எல்லாப் பாட்டையும் பழகினேன். அந்தக் கிற்றார் 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. 2012இல் இப்போது இருப்பதை வாங்கினேன். கிற்றார் புதிது, கை பழையதுதான்.

கோட், அதாவது பல கம்பியை ஒன்றாக அடிக்கும்போது ஒரு குறையும் இல்லை. தனியாகச் சுரம் வாசிக்கும் இடத்தில்தான் சிக்கல். குழாமுக்கு வந்திருக்கிற புதுப் பாட்டின் இடையிசையில் கிற்றாருக்கு நாலு வரி. ஒரே கம்பியில் இருக்கும்வரை மேல் அடி, கீழ் அடி என்று மாறி மாறிப் போகிறது. கம்பி மாறும் இடத்தில் இடறுகிறது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 80 தட்டு வைத்து, ஒரு தட்டுக்கு நாலு சுரம் வாசித்தால் ஒப்பேற்றலாம். பாட்டின் வேகம் 104. 90 தாண்டினாலே முழங்கைக்குக் கீழே கல்லாக இறுகிவிடுகிறது.

'மெதுவாகப் பழகு, வேகம் தானாக வரும்' என்றார்கள். போன மாரியில் வயல் காவலுக்குப் போன இரவுகளில் குடிலில் இருந்து ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் அப்படியே செய்தேன். பன்றி வந்தால் எழும்பி ரின்னைத் தட்டுவது, திரும்ப வந்து மெட்ரோனோமைப் போடுவது. மூன்று மாதத்தில் 80, 82 ஆனது. அவ்வளவுதான். போன கிழமை மகன் தொலைபேசியில் ஸ்லோ மோஷனில் என் வலக்கையைப் படம் பிடித்துக் காட்டினான். ஒவ்வொரு அடிக்கும் பிறகு மணிக்கட்டு கம்பியை விட்டு எழும்பி, அடுத்த அடிக்குத் திரும்ப இறங்குகிறது. கோழி கொத்துவது போல. அதைப் பார்த்த இரவு நித்திரை வரவில்லை.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். இந்த வயதில் அசைவை அடியோடு மாற்றலாமா? மாற்றப் போய் உள்ளதும் கெட்டுவிடுமா? ஞாயிறு பூசைக்குக் கிற்றார் வாசிக்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். யூன் 13 அந்தோனியார் திருவிழாவில் இந்தப் பாட்டுப் பாட வேண்டும்.

வவுனியா_லீட்:

தம்பி, நான் 30 வருடமாகக் கலியாண வீட்டு பாண்டில் வாசிப்பவன். இதே மாற்றத்தை 44 வயதில் செய்தேன், அதனால் பயப்படாதீர்கள்.

உங்கள் மகன் எடுத்த படத்திலேயே பதில் இருக்கிறது. மெதுவாக வாசிக்கும்போது எந்தப் பிழையான அசைவும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் கைக்கு எழும்பி இறங்க நேரம் கிடைக்கிறது. 104இல் ஒரு தட்டுக்கு நாலு என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட ஏழு சுரம். அத்தனை தரம் எழும்பி இறங்கினால் கை இறுகாமல் என்ன செய்யும்? நீங்கள் மூன்று மாதம் பழகியது அந்தக் கொத்தலைத்தான். பழைய அசைவு இன்னும் உறுதியாகியிருக்கும்.

பிக் கம்பிகளுக்கு இடையில் மாட்டுப்படாமல் வெளியே வர ஒரு வழி வேண்டும். பிக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அந்த வழி ஒரு பக்கத்தில் தானாகக் கிடைக்கும். மேல் அடியில் பிக் கம்பிகளுக்கு மேலே வெளியில் வருகிற மாதிரிச் சாய்த்தால், கீழ் அடியில் அது இரண்டு கம்பிக்கு நடுவே இறங்கி நிற்கும். எனவே கம்பியை எப்போதும் மேல் அடிக்குப் பிறகு மாற்ற வேண்டும். கீழ் அடியில் தொடங்கி, ஒரு கம்பியில் இரண்டு அல்லது நாலு சுரம் வாசித்தால் கணக்குத் தானாகவே சரிவரும். மூன்று சுரம் என்றால் கீழ், மேல், கீழ் என்று பிக் உள்ளே நிற்கும்போதே கம்பி மாற வேண்டியிருக்கும். அடுத்தது மெல்லிய கம்பி என்றால் அதே கீழ் அடியைத் தொடர்ந்து அதன்மேல் தள்ளிவிடலாம். தடித்த கம்பிக்குத் திரும்புவதுதான் கஷ்டம். அமெரிக்கக் கிற்றார்க்காரர் டிரோய் கிரேடி, கிற்றாரிலேயே கமரா பூட்டிப் பல வித்துவான்களின் கையைப் படம் பிடித்து இதை விளக்கியிருக்கிறார். தேடிப் பாருங்கள்.

முதலில் ஒரு கம்பியில் இடக்கையே இல்லாமல், மேசையில் விரலால் தட்டுவது போல இலேசாக வேகமாக அடியுங்கள், ஐந்து வினாடி மட்டும். கை இறுகாத ஒரு அசைவு அகப்படும். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது கம்பிக்குப் போங்கள். பிக் 1 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும், மெல்லிசு வேண்டாம்.

பரந்தன்_பெடியன்:

அண்ணா, ஒன்று மட்டும். புதுக் கையைப் பூசைக்குக் கொண்டு போகாதீர்கள். நான் கொண்டுபோய் இரண்டும் குழம்பி, ஆறு மாதம் வாசிக்கவே மனம் வராமல் இருந்தேன். கோவிலில் பழைய கை, வீட்டில் புதுக் கை. வீட்டில் கிற்றாரை இடது தொடையில் வைத்துப் பழகுங்கள். இருக்கும் விதம் மாறினால் பழைய பழக்கம் உடனே ஓடி வராது. சித்திரை வெயிலில் வியர்த்து பிக் வழுக்கும், நடுவில் சின்ன ஓட்டை போட்டால் விரலில் நிற்கும்.

முள்ளியவளை_வீணை:

தம்பி, எனக்குக் கிற்றார் தெரியாது, வீணை படிப்பிக்கிறேன். எங்களுக்கு ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறிக் கீழ்நோக்கியே மீட்டும், தாளக் கம்பிக்குச் சுண்டுவிரல். அதனால் உங்கள் மேல் அடி பற்றி நான் கதைக்கவில்லை. வேகத்தில் தொடங்குங்கள் என்று மேலே சொன்னது எனக்கு ஒப்பவில்லை. கையைப் பார்க்காமல் நாதத்தைக் கேளுங்கள். இறுகிய கையில் நாதம் சின்னதாக, காய்ந்து கேட்கும். என் மாணவி ஒருத்திக்கு மீட்டு மாற்றியபோது நான் மெட்ரோனோமை மூடி வைத்துவிட்டு, ஒரே சுரத்தை இருபது தரம் மீட்டச் சொல்லி, எது நிறைந்து கேட்கிறது என்று அவளையே கேட்டேன். அதற்குப் பிறகுதான் வேகம். நோவு வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், அதோடு போராட வேண்டாம்.

முத்தையன்கட்டு_கிற்றார்:

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். சிறுபோக வேலை தொடங்கிவிட்டதால் நேரம் கிடைக்கவில்லை.

வவுனியா அண்ணா, ஐந்து வினாடி அடித்துப் பார்த்தபோது முதல் நாலு நாளும் ஒன்றும் அகப்படவில்லை. ஐந்தாம் நாள், கதவுத் திறப்பைத் திருப்புவது போல முன்கை இலேசாக உருண்டது. இறுக்கம் இல்லை. ஆனால் சத்தம் அழுக்காக இருந்தது. அங்கேதான் முள்ளியவளை அக்கா சொன்னது உதவியது. அந்த உருளலை விடாமல் ஒரே சுரத்தை நாதம் நிறைகிற வரைக்கும் வாசித்தேன். இரண்டு பேர் சொன்னதும் எனக்குத் தேவைப்பட்டது, வரிசைதான் வேறு.

தம்பி, தொடை மாற்றியது நல்ல வேலை செய்தது. ஞாயிறுகளில் பழையபடி வலது தொடையில் வைத்துக் கீழ் அடிதான், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நேற்று இரவு முதல் மூன்று வரியும் 104இல் வந்தன. மகனைத் திரும்பவும் படம் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன், கொத்தல் இல்லை. நாலாவது வரியில் மூன்று சுரத்துக்குப் பிறகு தடித்த கம்பிக்குத் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. அது இன்னும் இடறுகிறது. அந்த மூன்றாவது சுரத்தை அடுத்த கம்பியில் இடக்கையால் தேடி எடுத்தால் இரண்டும் இரண்டுமாக வந்துவிடும் போல இருக்கிறது. அதற்குச் சுண்டுவிரல் கொஞ்சம் நீள வேண்டும். இன்றைக்கு வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து அதைத்தான் பார்க்கப் போகிறேன்.