புது போர் (ஆழ்துளைக் கிணறு) போட அனுமதி: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணா, அக்கா. பாலக்கோடு பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர். தக்காளி ஒன்றரை, மீதி மரவள்ளி. அப்பா வெட்டின கிணறு மாசியிலயே வத்திடுது, பழைய போர்ல பத்து நிமிஷத்துக்கு மேல தண்ணி நிக்கல.

2003 நிலத்தடி நீர்ச் சட்டத்தை 2013லயே எடுத்துட்டாங்க, அதனால அனுமதியே வேண்டாம்னு போர் வண்டிக்காரர் சொல்றார். ஆனா 2015 விதிப்படி ஊராட்சி அனுமதி இல்லாம போர் போடக்கூடாதுன்னு படிச்சேன். குழிக்குள்ள குழந்தைங்க விழுந்த சேதியெல்லாம் கேட்ட பிறகு அதை மீற எனக்கு மனசு வரல.

விண்ணப்பத்தோட என்னென்ன காகிதம் வைக்கணும்? எங்க பிர்க்கா (வருவாய்த்துறை குறுவட்டம்) அதிநுகர்வுப் பட்டியல்ல, அதாவது நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கிற பகுதிகள் பட்டியல்ல, இருக்கான்னு எங்க பார்க்கிறது? இருந்தா மின் இணைப்புக்குச் சிக்கல் வருமா?

பக்கத்துக் காட்டுக் கிணறும் பாதிக்கக்கூடாது. சிறு விவசாயிக்கு 100 சதவீத மானியத்துல சொட்டுநீர் போட்டவங்க, இருக்கிற தண்ணியில எத்தனை ஏக்கர் பாயுதுன்னு சொல்லுங்க. போதும்னா போரே வேண்டாம்.