சென்னையில் 75 லட்சத்துக்கு அடுக்ககமா, திருச்சியில் 45 லட்சத்துக்குத் தனி வீடா?

மேடவாக்கத்தான்:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாகச் சென்னையில் வாடகைக் குடித்தனம். இப்போது இருப்பது மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு. வாடகை 21,000 ரூபாய், பராமரிப்புத் தொகை தனி, கோடையில் தண்ணீர் லாரிக்கான பங்கு அதற்கும் தனி. வீட்டுக்காரர் தம் மகன் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டதால் ஏப்ரலுக்குள் காலி செய்தாக வேண்டும். மறுபடியும் தரகர் பின்னால் அலைந்து, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்டி, காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் கணக்கில் அதில் ஒரு மாதத்தை இழப்பதைவிடச் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று தேடத் தொடங்கினேன்.

அதே தெருவில் ஒன்பது ஆண்டுப் பழைய அடுக்ககம் ஒன்றுக்கு, 940 சதுர அடிக்கு, 75 லட்சம் சொல்கிறார்கள். பிரிபடாத நிலப்பங்கு, அதாவது அடுக்ககம் நிற்கும் மனையில் நம் பெயருக்கு வரும் பங்கு, 400 சதுர அடிகூட இல்லை. நானும் மனைவியும் சேர்ந்து மாதம் 1,15,000 ரூபாய் கைக்கு வாங்குகிறோம். என் அலுவலகம் சோழிங்கநல்லூரில் இருந்தாலும், மாதத்துக்கு நான்கு நாள் நேரில் வந்தால் போதும் என்பது இப்போதைய ஏற்பாடு. மனைவி தனியார் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

அம்மா லால்குடியில் தனியாக இருக்கிறார். போன மாதம் அவரைப் பார்க்கச் சென்றபோது, திருச்சி எடமலைப்பட்டிப் புதூர்ப் பக்கம் அரை கிரவுண்டு மனையில் கட்டிய தனி வீடு ஒன்றை உறவினர் காட்டினார். 45 லட்சத்துக்கு முடியும் என்றார். வாசலில் வேப்பமரம், மாடிக்கு வெளிப்புறமாகப் படிக்கட்டு, கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிகிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 30 லட்சம் வித்தியாசம் என்பது என் ஆயுள் சேமிப்பைவிடப் பெரிய தொகை. சென்னையை விட்டு இப்படிப் போனவர்கள் இங்கே இருந்தால், விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா என்று சொல்லுங்கள்.

வயலூர் ரோடு:

நான் 2021இல் பள்ளிக்கரணையிலிருந்து வந்தவன். வந்ததற்கு வருத்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநகராட்சிக் குழாயில் காவிரி நீர் வருகிறது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த எனக்கு, அந்த ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் திருச்சியில் வீடு மலிவு என்று யாராவது சொன்னால், எந்தத் தெருவில் என்று திருப்பிக் கேளுங்கள். தில்லை நகரிலும் கண்டோன்மென்டிலும் மனை விலையைக் கேட்டால் மேடவாக்கத்துக்கே திரும்பிவிடலாம் என்று தோன்றும். இந்த ஊரின் வீட்டு விலையை இந்த ஊர்ச் சம்பளம் தீர்மானிப்பதில்லை. நம் விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் உழைக்கும் டெல்டாக்காரர்கள் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வீடு வாங்கிப் போடுகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தோடு உள்ளூர்ச் சம்பளக்காரர் போட்டி போட முடியாது. சென்னைச் சம்பளத்தை இங்கே கொண்டு வரும் உங்களால் முடியும், அது தொடர்ந்து வரும் வரை.

நீங்கள் பார்த்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எடமலைப்பட்டிப் புதூரிலிருந்து பஞ்சப்பூர் வரை தரகர்கள் இப்போது பேருந்து முனையத்தைக் காட்டித்தான் விலை சொல்கிறார்கள். 2025 ஜூலையில் முனையம் செயல்பாட்டுக்கு வந்தது, பக்கத்திலேயே டைடல் பூங்காவும் வருகிறது என்பதெல்லாம் உண்மை. அதே பக்கத்தில்தான் கோரையாறும் ஓடுகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய், பக்கத்து வீடுகளின் சுற்றுச்சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரகரிடம் கேட்பதைவிட அங்கே இஸ்திரி போடுபவரிடம் கேட்பது மேல்.

இன்னொன்று, அம்மாவுக்காக ஸ்ரீரங்கம் பக்கம் மனம் போனால் அடிமனை விவகாரத்தை விசாரிக்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கோயில் உரிமை கோரும் நிலத்தில் நிற்கும் வீடுகளுக்குப் பத்திரப் பதிவே சிக்கல். தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களே விற்க முடியாமல் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே மனை என்றால் நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம், பட்டா, குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துரை வாங்காமல் நகர வேண்டாம்.

ஓய்வுபெற்ற கடன் அலுவலர்:

முப்பது ஆண்டுகள் வங்கியில் வீட்டுக் கடன் மனுக்களைப் பார்த்தவன் என்ற முறையில் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களுக்கு, வீட்டின் மதிப்பில் 80 விழுக்காடுதான் உச்சவரம்பு. அதாவது மேடவாக்கம் அடுக்ககத்துக்கு 60 லட்சம் கிடைக்கும்; 15 லட்சம் உங்கள் கையிலிருந்து. முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என 6,75,000 ரூபாய் ஆகும். இதற்கும் கடன் கிடைக்காது. ஆக 22 லட்சம் ரொக்கம் இல்லாமல் சாவியைத் தொட முடியாது. திருச்சி வீட்டுக்கு இதே கணக்கில் 9 லட்சமும் 4,05,000 ரூபாயும் சேர்ந்து 13 லட்சம் போதும்.

வட்டி 8.5 விழுக்காடு, தவணைக்காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 60 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 52,070 ரூபாய், உங்கள் இருவர் வருமானத்தில் 45 விழுக்காடு. முதல் மாதத் தவணையில் 42,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் 9,570. வாடகை கொடுப்பது வீண் செலவு என்பவர்கள் இந்த 42,500க்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று தெரியவில்லை. திருச்சி வீட்டின் 36 லட்சம் கடனுக்குத் தவணை சுமார் 31,240, அதில் முதல் மாத வட்டி 25,500.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மேடவாக்கத்துக்கும் திருச்சிக்கும் ஒப்பிட்டு 20,830 ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறார்கள்; திருச்சியிலேயே வாங்குவதையும் வாடகைக்கு இருப்பதையும் ஒப்பிடுவதில்லை. எடமலைப்பட்டிப் புதூரில் அப்படியொரு வீட்டுக்கு 13,000 ரூபாய்க்கு மேல் யாரும் வாடகை தரமாட்டார்கள். எனவே திருச்சிக்குப் போவதும் திருச்சியில் வாங்குவதும் தனித்தனி முடிவுகள். முதல் முடிவு சரியா என்று தெரியும் முன் இரண்டாவதற்கு 4 லட்சம் பதிவுச் செலவைக் கொட்ட வேண்டாம். அந்தப் பணம் விற்கும்போது திரும்பி வராது.

சிறு குறிப்பு: பழைய வருமான வரி முறையில் இருந்தால், வீட்டு வாடகைப் படிக்கான விலக்கைக் கணக்கிடும்போது சென்னைக்குச் சம்பளத்தில் 50 விழுக்காடு என்பது திருச்சிக்கு 40 ஆகிவிடும். புதிய முறையில் அந்த விலக்கும் இல்லை, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் இல்லை.

திரும்பி வந்தவள்:

மேலே இருவர் சொன்னதும் சரி. ஆனால் கேள்வி கேட்ட நண்பர் வேப்பமரத்துக்கும் கிணற்றுக்கும் கொடுத்த இடத்தைத் தம் மனைவியின் வேலைக்குக் கொடுக்கவில்லை. அவர் கணித ஆசிரியை என்று ஒரே வரி, அவ்வளவுதான்.

நாங்கள் 2022இல் திருச்சி சென்று, இரண்டரை ஆண்டுகளில் சென்னைக்கே திரும்பியவர்கள். என் கணவரின் சம்பளம் அப்படியே இருந்தது. என்னுடையது மூன்றில் இரண்டு பங்கானது. சென்னையில் ஒரு பள்ளி சரிப்படாவிட்டால் அதே பேருந்துத் தடத்தில் இன்னும் நான்கு பள்ளிகளில் கேட்கலாம். திருச்சியிலும் நல்ல பள்ளிகள் உண்டு, ஆனால் மூத்த ஆசிரியர் பணியிடம் காலியாவது அரிது; கல்வியாண்டின் நடுவில் போனால் அதுவும் கிடையாது. பிறகு கணவரின் நிறுவனம் வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வரச் சொன்னது. திங்கள் இரவு மலைக்கோட்டை விரைவு வண்டியில் ஏறி, விடியும் முன் தாம்பரத்தில் இறங்கி, ஓய்வறையில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு அலுவலகம் போவார். வியாழன் வரை நண்பர்களோடு ஓர் அறை, அதற்கு 7,000 ரூபாய். எட்டு மாதம் அப்படி ஓடியது. வாடகை வீடாக இருந்ததால் ஒரு மாத முன்னறிவிப்பில் கிளம்பினோம். வாங்கியிருந்தால் இன்றும் அங்கே நானும் இங்கே அவரும்தான்.

நான்கு நாள் ஏற்பாடு உங்கள் பணி நியமனக் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதா?

மேடவாக்கத்தான்:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. சகோதரி கேட்ட கேள்விக்குப் பதில்: வாய்மொழிதான். மின்னஞ்சலில் கேட்டேன், அடுத்த நிதியாண்டு வரை மாற்றம் இருக்காது என்று மட்டும் வந்தது.

உங்கள் பதிவை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, இதைத்தான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை என்பதே பெரிய குற்றம் போலிருக்கிறது. இந்தக் கல்வியாண்டை இங்கேயே முடித்துவிட்டு, அதற்குள் திருச்சியில் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேலை உறுதியானால் ஏப்ரலில் கருமண்டபம் பக்கம் வாடகைக்குப் போகிறோம். கிடைக்காவிட்டால் மேடவாக்கத்திலேயே இன்னொரு வாடகை வீடு. 75 லட்சத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேப்பமர வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

வயலூர் ரோடு நண்பருக்கு ஒரு கேள்வி: திருச்சியிலும் பத்து மாத முன்பணம்தான் கேட்பார்களா?

வயலூர் ரோடு:

என்னிடம் ஐந்து மாதம் கேட்டார்கள், பேசி நான்காக்கினேன். வெள்ளையடிக்கும் கணக்கு இங்கேயும் உண்டு. ஒப்பந்தத்தில் தொகையை எழுதி வாங்கிவிடுங்கள்.